வறட்சியில் தண்ணீரைச் 'சந்தை வழியாக' கொடுப்பது சரிவருமா? (ககுமா, துர்கானா)

கணக்குப்பிள்ளை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நைரோபியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பில் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவன் நான். ஆள் போதவில்லை என்று லோட்வாருக்கு அனுப்பி, தண்ணீர் மற்றும் சுகாதாரத் திட்டத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். இந்தக் குழுவில் ஆப்பிரிக்காவில் தண்ணீர் வேலை பார்ப்பவர்கள் சிலர் இருப்பதாகக் கேள்விப்பட்டு எழுதுகிறேன்.

இடம் வடமேற்குக் கென்யாவின் துர்கானா கவுண்டி (நம் மாவட்டம் போல), லோட்வார்தான் அதன் தலைநகர். ககுமா அகதி முகாம், பக்கத்தில் கலோபேயி குடியிருப்பு, இரண்டையும் சுற்றி துர்கானா மக்களின் ஊர்கள். மழை பொய்த்துவிட்டது. இதுவரை நாங்கள் லாரியில் தண்ணீர் கொண்டுபோய்த் தொட்டிகளில் ஊற்றி இலவசமாகக் கொடுத்து வந்தோம். இப்போது நிதி தருபவர்கள், "லாரியை நிறுத்துங்கள். மக்கள் கையில் வவுச்சரோ பணமோ கொடுங்கள். தனியார் கியோஸ்க்கில் (குழாய் வைத்துத் தண்ணீர் விற்கும் சிறு கடை), தண்ணீர் வியாபாரிகளிடம் அவர்களே வாங்கிக்கொள்ளட்டும். கழிப்பறைக்கும் இதே முறைதான்" என்கிறார்கள். உள்ளூர் வியாபாரம் வளரும், லாரிச் செலவு குறையும், திட்டம் முடிந்த பிறகும் ஏதாவது மிஞ்சும் என்பது அவர்கள் வாதம்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ககுமாவில் வியாபாரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2018-இல் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐ.எஃப்.சி வெளியிட்ட ஆய்வு, அங்கே 2,000-க்கு மேல் கடைகள் இருப்பதாகவும் ஆண்டுக்குச் சுமார் 5.6 கோடி டாலர் புழங்குவதாகவும் சொன்னது. உணவுக்கு 'பம்பா சகுலா' என்ற மின் வவுச்சரை உலக உணவுத் திட்டம் 2015-இலேயே ககுமாவுக்குக் கொண்டுவந்துவிட்டது. "சோளத்துக்கு முடிந்தது தண்ணீருக்கு ஏன் முடியாது?" என்று எங்கள் மேலாளர் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தாகத்தில் நிற்பவரிடம் விலை சொல்வதா என்ற உறுத்தல் ஒரு பக்கம் இருக்கட்டும். கணக்காகப் பார்த்தாலும் இடிக்கிறது. ஆறு பேர் உள்ள வீடு, ஸ்பியர் அளவுப்படி (நிவாரண வேலைக்கான சர்வதேசக் குறைந்தபட்ச அளவுகள்) ஆளுக்கு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்றால் 90 லிட்டர். 20 லிட்டர் கேனில் நாலரை கேன். ஒரு பேச்சுக்கு, கேன் 5 ஷில்லிங் என்று வைத்தால் மாதம் 675 ஷில்லிங். வறட்சி முற்றி விலை 20 ஆனால் 2,700. வவுச்சரை ஷில்லிங்கில் அச்சடிப்பதா, லிட்டரில் அச்சடிப்பதா? அகதிகளுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் ஒரே வவுச்சர் போதுமா? கழிப்பறையைச் சந்தையிடம் விட்டால் யாராவது கட்டுவார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஆழ்துளை எழுதியது:

நண்பரே, வவுச்சர் கேள்விக்கு முதலில் பதில். லிட்டரில் அச்சடியுங்கள். ஷில்லிங்கில் அச்சடித்தால் விலை ஏறும்போது அந்தச் சுமை முழுவதும் கேன் தூக்கி வருகிற பெண்ணின் தலையில் விழும். லிட்டரில் இருந்தால் உங்கள் அலுவலகத்தின் தலையில் விழும். தாங்கக்கூடியவர் தாங்கட்டும். வியாபாரியிடம் மாதத்துக்கு ஒரு விலை பேசி, மாதம் முடிந்ததும் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் அச்சடிப்பதற்கு முன்னால் ஒன்று பார்க்க வேண்டும். உங்கள் மேலாளருக்கான பதிலும் அதில்தான் இருக்கிறது. துர்கானாவிலும் அதற்கு முன் கரிஸ்ஸா பக்கத்திலும் பம்ப் இறக்கி ஏற்றுகிற வேலையில் பல வருடம் இருந்தவன் நான், அந்தக் கண்ணோட்டத்தில் சொல்கிறேன்.

ககுமாவில் சோளத்தின் விலை ஏறினால் கிட்டாலேயில் இருக்கும் மொத்த வியாபாரி லாபம் பார்த்து இன்னும் இரண்டு லாரி ஏற்றி விடுவார். சரக்கு வரும், விலை இறங்கும். சந்தை என்பது அதுதான். தண்ணீர் கிட்டாலேயிலிருந்து வராது. விலை நாலு மடங்கு ஆனாலும் நிலத்துக்குள் ஒரு சொட்டுகூடக் கூடாது. ஆகவே, மக்களிடம் காசு இல்லாததால் தண்ணீர் கிடைக்கவில்லையா, தண்ணீரே இல்லாததால் கிடைக்கவில்லையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். முதலாவது என்றால் வவுச்சர் வேலை செய்யும். இரண்டாவது என்றால் வவுச்சர் கொடுக்கக் கொடுக்க விலை ஏறும், வியாபாரி வீடு கட்டுவார், கேன் எண்ணிக்கை அதேதான் இருக்கும்.

இதை ஆபீஸில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. ககுமாவின் ஆழ்துளைக் கிணறுகள் பெரும்பாலும் தராச் ஆற்றின் ஓரம் இருக்கின்றன. ஆறு என்று பெயர்தான், வருடத்தில் பெரும்பகுதி மணல். எப்போதாவது வெள்ளம் பாய்ந்து போகும்போது மண்ணுக்குள் இறங்குகிற தண்ணீர்தான் கிணற்றுக்கு வரவு. 2020 கடைசியிலிருந்து 2022 கடைசி வரை ஆப்பிரிக்கக் கொம்பில் தொடர்ந்து ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்தன. வரவு நின்று செலவு மட்டும் நடந்தால் என்ன ஆகும் என்று கணக்குப்பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் பம்ப் ஆபரேட்டரைப் பிடியுங்கள். டிப் மீட்டர் என்று ஒன்று இருக்கும். ராட்டையில் சுற்றிய நீளமான அளவு நாடா, நுனியில் ஓர் உலோகக் குண்டு. கிணற்றுக் குழாய்க்குள் இறக்கினால், தண்ணீரைத் தொட்டதும் மேலே பீப் என்று கத்தும். நாடாவில் எத்தனை மீட்டர் என்று படித்து நோட்டில் எழுத வேண்டும். பம்ப் ஓடாதபோது ஒரு தடவை, ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை. அந்த நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் நோட்டு இருக்காது. இருந்தால் ஒரே பேனாவில் ஒரே நாளில் மொத்த மாதத்துக்கும் எழுதியது போல இருக்கும். நம்பகமான அளவு கையில் வரும்வரை வவுச்சரைத் தொடாதீர்கள்.

சோலார் பம்ப் வந்த பிறகு இது இன்னும் முக்கியம். டீசல் இருந்த காலத்தில் டீசல் செலவே ஒரு கடிவாளம். இப்போது வெயிலுக்குக் காசு கிடையாது, துர்கானாவில் வெயிலுக்கும் பஞ்சமில்லை. காலை முதல் சாயங்காலம் வரை இழுத்துக்கொண்டே இருப்பார்கள். விற்பனையும் சேர்ந்தால் நிறுத்துவதற்கு யாருக்கு மனசு வரும்?

"புதிதாகத் தோண்டலாமே" என்று யாராவது சொல்வார்கள். 2013-இல் துர்கானாவின் லோட்டிகிப்பியில் பாதாளத்தில் கடல்போல் நீர் இருக்கிறது என்று உலகம் முழுவதும் செய்தி வந்தது. அப்புறம் தோண்டிச் சோதித்தால் உப்பு. கரிஸ்ஸா பக்கத்துத் தாதாப் அகதி முகாமுக்குக் கீழே இருக்கும் மெர்ட்டி நீர்ப்படுகையிலும் நல்ல தண்ணீரைச் சுற்றி உப்புத் தண்ணீர்தான். அளவுக்கு மீறி இழுத்தால் உப்பு உள்ளே வரும்.

அடுத்தது தரம். லாரி உங்களுடையதாக இருந்தவரை குளோரின் உங்கள் கையில். வியாபாரியின் தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அவர் குழாயில் தண்ணீர் பிடித்து டி.பி.டி மாத்திரை ஒன்றைப் போடுங்கள். இளஞ்சிவப்பாக மாறினால் குளோரின் இருக்கிறது. லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். நிறமே மாறாமல் இருந்தால் அந்தக் கடையில் வவுச்சர் செல்லாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஃப்ளோரைடையும் ஒரு முறை பரிசோதனைக்கு அனுப்புங்கள். பிளவுப் பள்ளத்தாக்குப் பகுதி, நிறைய கிணறுகளில் உலக சுகாதார நிறுவனத்தின் 1.5 மில்லிகிராம் வரம்பைத் தாண்டும். அதற்கு ருசியும் கிடையாது, மணமும் கிடையாது. கொதிக்கவைத்தாலும் போகாது.

வியாபாரிக்குப் பணம் எப்போது கொடுப்பீர்கள்? இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நான் பார்த்த ஒரு திட்டத்தில் (நிறுவனத்தின் பெயர் வேண்டாம்) வவுச்சர் வாங்கிய கியோஸ்க்காரர்களுக்கு மாதக்கணக்கில் பணம் வரவில்லை. பெரிய வியாபாரி தாங்கினார். சின்ன ஆட்கள் வவுச்சரைப் பாதி விலைக்குப் பெரியவரிடமே விற்றுவிட்டு ஒதுங்கினார்கள். போட்டியை வளர்க்க வந்த திட்டம் ஒரே ஒருவரைப் பண்ணையார் ஆக்கிவிட்டுப் போனது. கைப்பேசியிலேயே பணம் அனுப்பும் எம்-பெசா இருக்கிற நாட்டில் வாரம் ஒரு முறை பணம் போடுவது பெரிய விஷயமே இல்லை. உங்கள் கணக்குப் பிரிவு நினைத்தால் முடியும், அது உங்களுக்கே தெரியும்.

மோசடியைப் பிடிப்பதும் உங்கள் துறைதான். கியோஸ்க்கில் வாட்டர் மீட்டர் போடுங்கள். மீட்டரில் ஒரு கன மீட்டர் ஓடினால் 50 கேன். வவுச்சர் 80 வந்திருந்தால் 30 கேன் காகிதத்தில் மட்டும் நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியாக உள்ளூர் மக்கள். அகதி வீட்டுக்கு ஆளுக்கு 15 லிட்டர் என்று கணக்குப் போடலாம். துர்கானா குடும்பம் ஆடு, ஒட்டகம் மேய்க்கிற குடும்பம். ஓர் ஆட்டுக்கு நாளைக்கு ஏறத்தாழ 5 லிட்டர். இருபது ஆடு என்றால் அந்த ஆறு பேர் வீட்டின் தேவையைவிட அதிகம். நீங்கள் ஆறு பேருக்குக் கொடுத்த தண்ணீரில் ஆடுகளும் குடிக்கும், குழந்தைக்குக் குறையும். ஆட்டை விடச் சொல்லவும் முடியாது, அதுதான் அவர்கள் வங்கிக் கணக்கு. இன்னொன்று, வறட்சியில் எல்லோரும் ஒரே நேரத்தில் மெலிந்த ஆட்டைச் சந்தைக்கு ஓட்டி வருவதால் ஆட்டின் விலை விழும். சோளத்தின் விலையும் தண்ணீரின் விலையும் ஏறும். அகதிகளுக்காவது ஏதோ ஒரு பங்கீடு உண்டு. 'உள்ளூர்க்காரர்கள் வசதியானவர்கள், அவர்கள் காசு கொடுக்கட்டும்' என்று எந்த அறிக்கையிலாவது இருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள்.

மண்வெட்டி எழுதியது:

தண்ணீரைப் பற்றி ஆழ்துளை அண்ணன் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் கழிப்பறைப் பக்கம் வேலை செய்தவள், அதை மட்டும் சொல்கிறேன்.

கழிப்பறைக்குச் சந்தை முறை தண்ணீரைவிட நன்றாகவே பொருந்தும். சிமென்ட், தகரம், மரக்கம்பு, குழியின் மேல் பதிக்கும் பிளாஸ்டிக் தளம், கொத்தனார், குழி தோண்டுபவர் எல்லாமே ககுமாவில் விலைக்குக் கிடைக்கிறது. விலை ஏறினால் சரக்கு லாரியில் வரும். பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள். குழி தோண்டி முடித்ததும் ஒன்று, தளம் பதித்ததும் ஒன்று, சுவரும் கதவும் வந்ததும் கடைசி. முதலிலேயே மொத்தமாகக் கொடுத்தால் பசி உள்ள வீட்டில் அது சாப்பாடாகிவிடும். அவர்களைக் குறை சொல்லவே முடியாது.

மண்ணைப் பாருங்கள். தராச் ஓரத்து மண் உதிரி மணல். சுவர் கட்டாத குழி, தோண்டிக்கொண்டிருக்கும்போதே சரியும். மழையே இல்லை இல்லை என்று இருக்கும், திடீரென்று ஒரு நாள் வெள்ளம் வந்து குழிகளை நிரப்பிவிடும். எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை என்றால் ஆற்றோரத்து வீட்டுக்காரர் நஷ்டப்படுவார். மண் வகையைப் பார்த்துத் தொகையை மாற்றுங்கள்.

பெரிய தலைவலி எங்கே தெரியுமா? கென்ய அரசு கிராமங்களில் நடத்துகிற சுகாதார இயக்கத்தில் கழிப்பறைக்கு மானியம் கிடையாது. சமூகமே உணர்ந்து, தன் கைக்காசில் கட்ட வேண்டும் என்பது கொள்கை. முகாமுக்குள்ளோ முப்பது வருடமாக உதவி நிறுவனங்கள் கட்டிக் கொடுத்து வந்திருக்கின்றன. சாலைக்கு இந்தப் பக்கம் இலவசம், அந்தப் பக்கம் 'நீயே கட்டு'. இதில் உங்கள் வவுச்சர் மூன்றாவது கொள்கையாக உள்ளே வந்தால், உள்ளூர் ஊர்களில் தன் காசில் கட்டத் தயாராக இருந்தவரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். தொடங்கும் முன் கவுண்டி பொதுச் சுகாதார அதிகாரியோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். தளத்தை மட்டும் குறைந்த விலைக்கு விற்று, மற்றதை வீட்டாரே செய்யும்படி விட்டால் இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வாய்ப்பு உண்டு.

கட்டுவது பாதி வேலை. குழி நிரம்பினால் என்ன செய்வது என்பது மீதி. முகாமில் புதுக் குழி தோண்ட இடம் கிடைக்காது. கழிவை அள்ளி, கிருமி நீக்கி, எரிகட்டியாக்கி விற்கிற சானிவேஷன் என்ற கென்ய நிறுவனம் நைவாஷாவில் தொழில் நடத்துகிறது, ககுமாவிலும் சோதனையாகச் செய்து பார்த்தார்கள். யோசனை நல்லது. ஆனால் ககுமாவில் அடுப்புக் கரியும் விறகும் விற்பவர்கள் பெரும்பாலும் துர்கானா பெண்கள். (வெட்டுகிற மரங்களில் நமக்கு நன்றாகத் தெரிந்த சீமைக்கருவேலமும் உண்டு. 1980-களில் காடு வளர்க்கிறோம் என்று நட்டது, அங்கேயும் அடங்கவில்லை.) அகதிகள் எரிகட்டிக்கு மாறினால் அந்தப் பெண்களின் வருமானம் போகும். எரிகட்டி விற்கும் வேலையை அவர்களிடமே கொடுத்தால் போகாது. இதை யாரும் கேட்பதற்கு முன்னால் நீங்களே திட்டத்தில் எழுதுங்கள்.

வழிப்போக்கன் எழுதியது:

எல்லோரும் சாமர்த்தியமாகப் பேசுகிறீர்கள், ஒருவரும் அடிப்படையைக் கேட்கவில்லை. கென்ய அரசியலமைப்பின் 43-ஆம் பிரிவு, போதுமான சுத்தமான தண்ணீர் ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. 'ஒவ்வொரு குடிமகனும்' என்று இல்லை. அகதிக்கு வேலை அனுமதி வாங்குவதும் முகாமை விட்டு வெளியே போய் வருவதும் எவ்வளவு சிரமம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். 2025-இல் உணவுப் பங்கீட்டையும் கடுமையாக வெட்டினார்கள். சம்பாதிக்கவும் விடாமல், சோற்றையும் குறைத்துவிட்டு, 'சந்தையில் வாங்கிக்கொள்' என்பது என்ன நியாயம்?

நடைமுறையில் என்ன ஆகும் என்றும் சொல்கிறேன். பசித்தவர் தண்ணீர் வவுச்சரைச் சோளத்துக்கு விற்பார். குறைவாகத் தண்ணீர் பிடிப்பார், கை கழுவுவதை நிறுத்துவார். காலரா வந்த பிறகு அதே நிதிக்காரர்கள் அவசர நிதி அனுப்புவார்கள். அந்தச் செலவையும் 'லாரி மிச்சம்' கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மூவருக்கும் நன்றி. வழிப்போக்கன் சார், உங்கள் கோபம் புரிகிறது, எனக்கும் அதே உறுத்தல்தான். ஆனால் நான் 'முடியாது' என்று எழுதினால் நிதி வேறு கவுண்டிக்குப் போகும், லாரியும் நிற்கும். ஆழ்துளை அண்ணா, நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன எழுதிக் கொடுப்பீர்கள்? டிப் மீட்டர் நோட்டைக் கேட்டேன். நீங்கள் சொன்னது போலவே, ஒரே பேனா.

ஆழ்துளை எழுதியது:

ஒரே பேனா என்றால் உங்கள் முதல் செலவு டிப் மீட்டரும் அதை இறக்கத் தெரிந்த ஒரு பையனும். திட்டத்தில் முதல் வரியாக அதையே போடுங்கள்.

அப்புறம், மொத்தப் பகுதிக்கும் ஒரே முறை என்று எழுதாதீர்கள். குழாய் வருகிற இடங்களில், அதாவது ககுமாவின் பெரும்பகுதியில், ஆளுக்குக் குறைந்தபட்ச அளவு இலவசமாகவே இருக்கட்டும். வழிப்போக்கன் சொல்வது அந்த அளவுக்குச் சரி. அதற்கு மேல் போகிற தண்ணீரை விற்கலாம். டீக்கடை, செங்கல் அறுப்பவர், கார் கழுவுபவர், ஹோட்டல் வைத்திருப்பவர், இவர்களிடம் வாங்குகிற காசில் குழாய் பழுது பார்க்கலாம். இதுவும் சந்தைதான். ஏழையிடம் வாங்கினால்தான் சந்தை என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

தனியார் கிணறு இருக்கிற, நீர்மட்டம் நிலையாக இருக்கிற ஊர்களில் லிட்டர் வவுச்சர் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு மட்டும். அங்கே ஆட்டுக்குத் தனித் தொட்டி, தனி வவுச்சர். மனிதர்கள் பிடிக்கும் குழாயும் கால்நடைத் தொட்டியும் ஒரே இடத்தில் இருந்தால் சண்டையும் வரும், சாணியும் வரும். மோட்டார் எரிந்து நிற்கிற கிணறு ஏதாவது இருந்தால் வவுச்சரை விட்டுவிட்டு அதன் உரிமையாளருக்கோ தண்ணீர்க் குழுவுக்கோ மோட்டாருக்குக் கடன் கொடுங்கள். பத்து வியாபாரிக்கு வவுச்சர் கொடுப்பதைவிட ஒரு மோட்டார் சில சமயம் அதிகத் தண்ணீர் கொடுக்கும்.

கலோபேயி பக்கமும் அதைத் தாண்டிய ஊர்களும் வேறு கதை. அங்கே நிலத்தடி நீர் அரிது. குடியிருப்பு தொடங்கிய காலத்திலேயே லாரி ஓடிய இடம். ஆதாரமே இல்லாத இடத்தில் வவுச்சர் வெறும் காகிதம். லாரிதான் ஓட வேண்டும். ஆனால் உங்கள் லாரியாக இருக்க வேண்டியதில்லை. உள்ளூர் லாரிக்காரர்களிடம் ஒப்பந்தம் போட்டு, தொட்டியில் இறங்கிய லிட்டருக்குப் பணம் கொடுங்கள், ஓடிய கிலோமீட்டருக்கு வேண்டாம். கிலோமீட்டருக்குக் கொடுத்தால் லாரி ஊரைச் சுற்றும். நிதிக்காரர்கள் கேட்ட 'சந்தை' என்ற சொல் இதிலும் வந்துவிடுகிறது, உங்கள் மேலாளரும் சந்தோஷப்படுவார்.

கடைசியில் ஒரு நிறுத்தக் கோடு எழுதுங்கள். நீர்மட்டம் இத்தனை மீட்டருக்குக் கீழே போனாலோ, கேன் விலை பேசிய விலையைப் போல் இரண்டு மடங்கு தாண்டினாலோ வவுச்சர் நிற்கும், லாரி வரும் என்று. அந்த லாரி ஒப்பந்தத்தை இப்போதே கையெழுத்துப் போட்டு வையுங்கள். வறட்சி முற்றிய பிறகு லோட்வாரில் லாரி கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் லாரிக்காரர் சொன்னதுதான் விலை.